"எங்க ஊர்ல அப்படி யாரும் இல்லீங்க": ஜமாஅத்துகளுக்கும் திருச்சபைகளுக்கும் ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் உள்ள ஜமாஅத் நிர்வாகிகள், இமாம்கள், பங்குத் தந்தையர், பங்குப் பேரவை உறுப்பினர்கள், போதகர்கள் அனைவருக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். தோத்திரம்.

நான் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது பரங்கிப்பேட்டை. நம் பகுதியிலுள்ள முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களில் மனநலம் எப்படி இருக்கிறது, மனசு உடைந்துபோனவர்கள் முதலில் யாரைத் தேடிப் போகிறார்கள், அதற்கப்புறம் என்ன ஆகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. அதற்கு அனுமதி கேட்டு உங்களில் பலருக்குக் கடிதம் எழுதினேன். சிலர் வரச்சொல்லி, டீ வாங்கிக்கொடுத்து, பொறுமையாகக் கேட்டீர்கள். சிலரிடமிருந்து பதிலே இல்லை. பேசியவர்களில் பெரும்பாலானோர் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான்: "எங்க ஊர்ல அப்படி யாரும் இல்லீங்க மேடம். அல்லாஹ்வோட கிருபையில எல்லாரும் நல்லா இருக்காங்க." ஒரு பங்கில் சொன்னார்கள்: "நம்ம பங்குல எல்லாமே ஜெபிக்கிற குடும்பம். அந்த மாதிரி கேஸ் வெளியிலதான் இருக்கும்."

இதைச் சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. மையத்து விழுந்த வீட்டுக்கு முதல் ஆளாக ஓடுகிறவர்கள், தலாக் வரை போன சண்டையை உட்காரவைத்துப் பேசித் தீர்க்கிறவர்கள், ஏழைப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் திரட்டுகிறவர்கள் நீங்கள். ஊரில் ஒருவருக்குக் கஷ்டம் என்றால் நம் காதுக்கு வராமல் போகாது என்று நம்புகிறீர்கள். மற்றக் கஷ்டங்கள் வரும். இந்த ஒரு கஷ்டம் மட்டும் உங்கள் காதுக்கு வராமல் பார்த்துக்கொள்வதில்தான் குடும்பங்கள் முழுக் கவனமாக இருக்கின்றன. நீங்கள் இருக்கும் அதே தெருக்களில், அந்த வீடுகளின் அடுப்படியில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

கடலோர ஊர் ஒன்றில் ஒரு பெண். கணவர் துபாயில். மாமியார், இரண்டு பிள்ளைகள், மாடி வீடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. கொல்லைப்புறத்தில் இறால் உரித்துக்கொண்டே பேசினார். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகை நகத்தால் கீறிக் கறுப்பு நரம்பை இழுத்துப் போடுகிற வேகம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. பேச்சு மட்டும் அடிக்கடி நின்றது. "ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கும் ராத்தா. எழுந்து உட்கார்ந்துருவேன். இப்பவே மவுத்தாயிருவேன், புள்ளைங்க என்ன செய்யும்னு தோணும். கையெல்லாம் சில்லுன்னு ஆயிரும்." சிதம்பரத்தில் ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாம் நார்மல். கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். மாமியார் தண்ணீர் ஓதி வாங்கிவந்தார். "அதைக் குடிச்சா கொஞ்சம் நிம்மதியாத்தான் இருக்கு. மறுநாள் திரும்ப வந்துருது." இத்தனைக்கும் அவர் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி வேறு. நான் உட்கார்ந்ததுமே கேட்டார்: "இது பள்ளிவாசலுக்குத் தெரியவருமா ராத்தா?"

அவருக்கு வருவது பேனிக் அட்டாக், திடீரென்று பொங்கிவரும் கடும் பயம். உளவியல் படிக்கிற இரண்டாம் ஆண்டு மாணவிகூட அந்த அறிகுறிகளைக் கேட்டால் சந்தேகப்படுவாள். பேச்சுவழிச் சிகிச்சையும் தேவைப்பட்டால் மருந்தும் சேர்ந்தால் நன்றாகக் குணமாகிற கோளாறு. இதயத்துக்கு எடுத்த பரிசோதனைகளுக்கு ஆன செலவில் சிறு பங்குகூட ஆகாது. அரசு மருத்துவமனையில் செலவே இல்லை. ஆனால் அவரை அங்கே போகவிடாமல் தடுப்பது பணமோ தூரமோ இல்லை. பள்ளிவாசலுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். மகளுக்கு நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது "அவங்க உம்மாவுக்கு மெண்டல்" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

சரி, எத்தனை பேருக்கு இப்படி இருக்கும்? 2015-16இல் பெங்களூரு தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் தலைமையில் தேசிய மனநல ஆய்வு நடந்தது. 12 மாநிலங்களில் எடுத்தார்கள், தமிழ்நாடும் அதில் ஒன்று. வயதுவந்தோரில் சுமார் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பது தெரிந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறுகள் உள்ளவர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் சிகிச்சையே கிடைக்கவில்லை. பத்துப் பேரில் ஒருவர் என்பதை வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை உங்கள் பள்ளியின் சஃப்பு வரிசைகளைப் பாருங்கள். ஞாயிறு இரண்டாம் பூசையில் பெஞ்சுகளைப் பாருங்கள். ஐந்நூறு பேர் வந்தால் ஐம்பது பேர் என்று கணக்கு வரும். நம் ஊரில் அது நாற்பதாக இருக்கலாம், அறுபதாக இருக்கலாம். பூஜ்யமாக இருக்க வழியில்லை.

தற்கொலைக் கணக்கும் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி இந்தியா முழுவதற்குமான விகிதம் லட்சத்துக்கு 12.4. புதுச்சேரிக்கு 29.7. ஒரு வருடம் மட்டும் இப்படி என்றில்லை, நாட்டிலேயே அதிக விகிதம் உள்ள இடங்களில் ஒன்றாகப் புதுச்சேரி பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி புதுச்சேரியில் கிறிஸ்தவர்கள் 6.29 சதவீதம், முஸ்லிம்கள் 6.05 சதவீதம். எட்டில் ஒருவர் நம் ஆட்கள். இந்த 29.7இல் நம் ஆட்கள் இருக்கும் முல்லா வீதியும் சம்பா கோயில் பகுதியும் நெல்லித்தோப்பும் சேராது என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஒரு நிர்வாகி என்னிடம் வேறொரு எண்ணைக் காட்டினார். நன்றாகப் படித்தவர், அக்கறையோடுதான் காட்டினார். 2014இல் காப்பகம் தற்கொலைகளை மதவாரியாகவும் திரட்டியது. அறிக்கையில் அது வெளியாகவில்லை. பின்னர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வெளியே வந்தது. அதில் கிறிஸ்தவர்களுக்கு லட்சத்துக்கு 17.4, முஸ்லிம்களுக்கு 7. "பாருங்க, மார்க்கம் நம்மைக் காப்பாத்துது" என்றார். அதில் உண்மை உண்டு. இறைநம்பிக்கையும் சமூகத்தோடு சேர்ந்திருப்பதும் தற்கொலையிலிருந்து ஓரளவு காக்கின்றன என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்த 7இல் எழுதப்படாமல் போனவை எத்தனை என்று எனக்குக் கவலை. காரணத்தைச் சொல்கிறேன்.

ஒரு வாலிபன் இறந்தான். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த பிள்ளை. கிணற்றில் கால் தவறி விழுந்துவிட்டான் என்று ஊருக்குச் சொன்னார்கள். ஜனாஸா தொழுகை நடந்தது, அடக்கமும் ஆனது. மாதங்கள் கழித்து அவனுடைய உம்மா என்னிடம் உண்மையைச் சொன்னார். கடைசிச் சில வாரங்கள் அவன் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, "நான் இருந்து என்னம்மா பண்ணப்போறேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அதை அந்தத் தாயால் யாரிடமும் சொல்லி அழ முடியவில்லை. உண்மையைச் சொன்னால் தொழவைக்க மாட்டார்கள், மையவாடியில் ஓரமாகப் போடச் சொல்வார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொய்யைக் கட்டிக் காக்கவேண்டி அவர் துக்கத்தையும் பாதி விழுங்கிவிட்டார். அவனுடைய தம்பிக்கும் அதே மாதிரித் தூக்கம் போனபோது, அண்ணனுக்கு என்ன நடந்தது என்பதை மருத்துவரிடம்கூட வீட்டில் யாரும் சொல்லவில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு தற்கொலை நடந்திருக்கிறதா என்பது சிகிச்சையில் மிக முக்கியமான கேள்வி.

ஆலிம்களுக்கு நான் பாடம் எடுக்க வரவில்லை. தற்கொலை பெரும்பாவம் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஷாஃபி, ஹனஃபி என்ற இரண்டு மத்ஹபுகளிலும் (சட்ட மரபுகளிலும்) அப்படி இறந்த முஸ்லிமுக்கு ஜனாஸா தொழுகை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, வேண்டுமென்றே உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கடுமையான மனநோயும் வேதனையும் அந்த மனிதரின் பொறுப்பைக் குறைக்கும் என்று மறைக்கல்வி நூலும் சொல்கிறது. பங்குச் சாமியார்களுக்கு இது தெரியும். கல்லறைத் தோட்டத்து வாசலில் "ஜெபிச்சு மந்திரிப்பாங்களா, மாட்டாங்களா" என்று நடுங்கி நிற்கிற குடும்பத்துக்குத் தெரியாது. நாட்டின் சட்டமும் மாறியிருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதவேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை முதல் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய 309ஆம் பிரிவே இல்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, விஷம் குடித்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இதையெல்லாம் பள்ளியின் மிம்பர் மேடையிலிருந்தும் கோயில் பீடத்திலிருந்தும் ஒருமுறை சத்தமாகச் சொல்லுங்கள். நான் நூறு கூட்டம் போட்டுச் சொன்னாலும் நீங்கள் ஒருமுறை சொல்வதற்கு ஈடாகாது.

இதேபோல உங்கள் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கும் இன்னொரு விஷயம், நோன்பு. ரமலான் பிறந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். மனநலத்துக்கு மருந்து எடுப்பவர்கள் அதை வீட்டுக்கு வெளியே சொல்வதில்லை, அதனால் நோன்பு வைக்காமல் இருக்கவும் முடியவில்லை. "ஏன் நோன்பில்ல?" என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது? சர்க்கரை என்றால் சொல்லிவிடலாம். நிறுத்திய சில வாரங்களில் தூக்கம் போகும், கோபம் ஏறும், பேச்சு கூடும். பெருநாளைக்குள் வீடு ரணகளமாகிவிடும். முக்கியமாக, லித்தியம் என்ற மனநல மருந்தை எடுப்பவர்கள் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் உடலில் நீர் குறைந்து ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறி ஆபத்தாகலாம். பல மருந்துகளை சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ள முடியும், ஆனால் அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், ரமலானுக்குச் சில வாரங்கள் முன்னாலேயே. நோயாளிக்கு விலக்கு குர்ஆனிலேயே இருக்கிறது. அந்த விலக்கில் மனநோயும் சேரும் என்று ரமலானுக்கு முந்தின ஷஅபான் மாதத்தில் ஒரு பயானில் (சொற்பொழிவில்) சொன்னால் போதும்.

கிறிஸ்தவ சபைகளில் இதற்கு இணையாக நான் பார்ப்பது, குணமாக்கும் ஜெபக் கூட்டங்களுக்கு அப்புறம் மருந்தை நிறுத்துவது. எல்லாப் போதகர்களும் அப்படிச் சொல்வதில்லை. "ஜெபிப்போம், டாக்டரையும் பாருங்க" என்று சொல்கிற பாஸ்டர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று ஒரே ஒருவர் சொன்னாலும் அது சபை முழுக்கப் பரவிவிடுகிறது. மருந்தை நிறுத்திப் பழைய நிலைக்குத் திரும்பியவருக்கு நோயோடு சேர்ந்து குற்ற உணர்வும் வருகிறது: என் விசுவாசம் போதவில்லை, அதனால்தான் ஆண்டவர் என்னைக் குணமாக்கவில்லை.

இந்தக் குற்ற உணர்வைத்தான் என் துறையில் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளரும் அவரோடு வேலைசெய்தவர்களும் கண்டது இது: துன்பத்தில் இறைவன் என்னோடு இருக்கிறான் என்று பிடித்துக்கொள்கிறவர்களுக்கு நம்பிக்கை தெம்பு தருகிறது. இது எனக்கு வந்த தண்டனை, இறைவன் என்னைக் கைவிட்டுவிட்டான் என்று நினைக்கிறவர்களுக்கு வேதனை கூடுகிறது. இருவருமே இறைநம்பிக்கை உள்ளவர்கள்தான். மனம் நொந்து வருகிறவர் இந்த இரண்டில் எந்தப் பக்கம் போவார் என்பது, அவர் முதலில் பார்க்கிற இமாமோ சாமியாரோ சொல்லும் பதிலைப் பெரிதும் பொறுத்தது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். மார்க்கத்தையே நோய் என்று எழுதிவிடுவாளோ என்று சிலர் சந்தேகப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். ஐவேளைத் தொழுகையில்தான் எனக்கும் மனசு நிற்கிறது.

துக்கம் ஈமான் குறைவு என்றால், யூசுஃபை நினைத்து அழுது கண் பார்வையையே இழந்த யஃகூப் நபியை என்ன சொல்வது? "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட விவிலியத்து இறைவாக்கினர் எலியாவுக்கு வானதூதர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், திரும்பத் தூங்கவிட்டார். 1,100 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கி என்ற முஸ்லிம் அறிஞர், காரணம் தெரிந்த துக்கம், காரணமே தெரியாமல் வரும் துக்கம் என்று இரண்டாகப் பிரித்து, பின்னதற்கு உடம்பிலும் காரணம் இருக்கும், மருந்து வேண்டும் என்று எழுதினார். ஐரோப்பிய மருத்துவம் இந்தப் பிரிவுக்கு வந்து சேரப் பல நூற்றாண்டுகள் ஆயின. இவர்கள் எல்லாம் நம் வீட்டு ஆட்கள். வெளியிலிருந்து ஒரு சரக்கை உங்களிடம் விற்க நான் வரவில்லை.

சிலர் சொன்ன இன்னொரு பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "நீங்க நல்ல எண்ணத்துலதான் எழுதுவீங்க. ஆனா அதை எடுத்து நம்மளை அசிங்கப்படுத்துறவன் வெளியில நிக்கிறானே" என்றார் பள்ளிவாசல் பொறுப்பாளரான ஒரு முத்தவல்லி. ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியைச் சொன்னார். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை அங்கே பிடித்த தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் இறந்தார்கள். எரிந்தது தர்கா அல்ல; தர்காவை நம்பி வருகிறவர்களை வைத்துத் தனியார் நடத்திவந்த விடுதி. அங்கே போகிறவர்கள் எல்லா மதத்தவரும்தான். ஆனாலும் அந்தப் பழி தர்கா மேல்தான் விழுந்தது. அந்த முத்தவல்லி சொன்னது நியாயம். எனக்கும் அந்த வலி உண்டு. வீடு வாடகைக்குப் பார்க்கப் போன என் மாணவி, பெயரைச் சொன்னதும் "வீடு முடிஞ்சிருச்சும்மா" என்று கேட்டுத் திரும்பியவள், அதற்கப்புறம் புது ஆட்களிடம் பெயர் சொல்லவே தயங்குகிறாள். இந்த மாதிரி அன்றாடம் படுகிற சின்னச் சின்ன அடிகளும் மனநலத்தைப் பாதிக்கின்றன, அதையும் நான் எழுதத்தான் போகிறேன். நாம் வாய் மூடிக்கொண்டால் அதுவும் பதிவாகாது.

ஏர்வாடியில் அதற்குப் பின் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது, விடுதிகள் மூடப்பட்டன, கட்டிவைக்கப்பட்டவர்கள் மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டார்கள். பின்னாளில் தர்காவுக்கு வருகிறவர்களுக்கு துஆவும் மருந்தும் சேர்த்துக் கிடைக்க ஏற்பாடு வந்தது. குஜராத்தில் உனாவா ஊரின் மீரா தாதார் தர்காவில் 2008இல் இதே முறையைத் தொடங்கினார்கள். தர்காவைக் கவனித்துக்கொள்ளும் முஜாவிர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். ஓதிவிட்டு, "அப்படியே அந்த ரூம்ல டாக்டரையும் பார்த்துட்டுப் போங்க" என்று அவர்களே அனுப்பினார்கள். யாரும் துஆவை விடச் சொல்லவில்லை.

இதைத்தான் நான் உங்களிடமும் கேட்கிறேன். ஓதிப் பார்க்க வருகிறவரை ஓதிப் பாருங்கள், தலையில் கைவைத்து ஜெபியுங்கள். கூடவே, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேளுங்கள். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா என்றும் கேளுங்கள். அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்பது ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. யாராவது ஒருவர் கேட்டாரே என்று அழுதுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆமாம் என்று சொன்னால் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கடலூரில் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனை, சிதம்பரம் பக்கம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மர் ஆகிய இடங்களில் மனநலப் பிரிவு உண்டு. உடனே பேச வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இந்த எண்ணைப் பள்ளி நோட்டீஸ் போர்டில், தொழுகை நேர அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டினாலே பெரிய காரியம். வீட்டில் யாரையாவது கட்டிவைத்திருப்பது தெரிந்தால், அது சட்டப்படி குற்றம் என்பதையும் அந்தக் குடும்பத்துக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள். பயமுறுத்தாமல், மருத்துவமனைக்கு வண்டி ஏற்பாடு செய்துகொடுத்துச் சொல்லுங்கள்.

அப்புறம், கேட்டது உங்களோடு நிற்க வேண்டும். பாவசங்கீர்த்தனத்தின் ரகசியத்தை உயிர்போனாலும் காக்கிறவர்கள் சாமியார்கள். அந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியே, சாமியார் தங்கும் அறை வீட்டு வராந்தாவில் ஒரு பெண் சொல்வதற்கும் அதே காவல் கொடுங்கள். இமாம்களிடம் சொன்னது கமிட்டிக்குப் போகக் கூடாது. "யார் வீடுன்னு மட்டும் சொல்லுங்க மேடம், நாங்க உதவி பண்றோம்" என்று என்னிடம் நல்ல மனதோடு கேட்டவர்கள் உண்டு. சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்காது. பெண்களிடம் பேசும்போது கமிட்டி சார்பாக ஒருவர் உடன் இருப்பார் என்ற நிபந்தனையையும் ஏற்க முடியாது. மாமியார் பக்கத்தில் இருந்தாலே பேச்சு மாறிவிடுகிறது, கமிட்டி ஆள் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பங்குப் பேரவையினரிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்துக் கிராமங்களில் தலித் கிறிஸ்தவர்களிடம் பேசும்போது, மனச்சோர்வுக்குக் காரணமாக அவர்கள் முதலில் சொல்வது ஜெபக் குறைவையோ கடனையோ அல்ல. தேர் தங்கள் தெருவுக்கு வராததை, கல்லறை பிரிந்து கிடப்பதைச் சொல்கிறார்கள். கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்காத 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் அரசிடம் அந்த உரிமையும் இல்லை, கோயிலில் சமமும் இல்லை என்றால் மனிதர் எங்கே போய் நிற்பார்? இதை நான் எழுதாமல் விட்டால் ஆய்வே பொய்யாகிவிடும். எழுதுவதற்கு முன் நீங்களே அவர்களை அழைத்து உட்காரவைத்துக் கேட்டால், எழுத வேண்டியதே மாறலாம்.

முதியவர்களையும் மறந்துவிடாதீர்கள். புதுச்சேரியின் சொல்தா குடும்பங்களில் (பிரெஞ்சு ராணுவத்தில் வேலைபார்த்தவர்களின் குடும்பங்களில்) பிரெஞ்சு பென்ஷன் வருகிறது, பிள்ளைகள் பாரிஸ் பக்கம். பெரிய வீட்டில் வயதான ஒருவர் மட்டும். பணம் இருப்பதால் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. பங்கின் பக்தசபையான மரியாயின் சேனைக்காரர்கள் வீடு சந்திக்கப் போகும்போது இந்த வீடுகளையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளட்டும்.

நீங்கள் நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்து கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்றைக்குப் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் சுற்றியிருந்த மீனவக் கிராமங்களின் மக்களைத் தங்கவைத்து, நாள்கணக்கில் சமைத்துப் போட்டார்கள். இந்து, முஸ்லிம் என்று யாரும் பார்க்கவில்லை. அரசு வண்டி வருமுன் ஜமாஅத் வண்டி வந்தது. அந்த ஜமாஅத்துக்குத் தன் ஊரில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்காரும் ஒரு பெண்ணுக்கு வழி செய்ய முடியாதா?

ஆய்வைப் பற்றி என் உறுதி இது. யாரையும் அவர் சம்மதம் இல்லாமல் பேசவைக்க மாட்டேன்; பாதியில் எழுந்து போகலாம், சொன்னதைத் திரும்பப் பெறலாம். பெயரோ ஊரோ தெருவோ வராது. படம் எடுப்பதில்லை. எழுதி முடித்ததும் வெளியிடுவதற்கு முன் தமிழில் உங்களுக்கு வாசித்துக் காட்டுவேன். நீங்கள் சொல்லும் மறுப்பையும் கூடவே அச்சிடுவேன். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு பகுதியை நீக்கச் சொன்னால் மட்டும் நீக்க மாட்டேன்.

அக்டோபர் 10 உலக மனநல நாள். அதையொட்டி வரும் வெள்ளியும் ஞாயிறும் வசதியாக இருக்கும், அதைவிட ஷஅபான் மாதம் தோதுப்படும் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது ஒரு மாலை நேரம், மதரஸாவிலோ பங்கு மண்டபத்திலோ இரண்டு அறைகள், ஒன்று பெண்களுக்கு. அரசு மருத்துவமனையிலிருந்து மருத்துவரை அழைத்துவருவது என் பொறுப்பு. இமாம்களோடும் போதகர்களோடும் மட்டும் தனியாக ஒரு அமர்வு வைக்கவும் தயார். ஓதிப் பார்க்கும்போது நீங்கள் பார்த்தவற்றை நானும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பு அனுப்பிய கடிதத்தில் என் தொலைபேசி எண் இருக்கிறது. தேதியை மட்டும் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.

உளவியல் பேராசிரியர்,
புதுச்சேரி